வலது பக்கப் பெட்டி

அரங்கின் கடைசியில், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில்
என் மேசை.
இடது பக்கம் முதல் இசைத்தட்டு, வலது பக்கம் இரண்டாவது,
நடுவில் சில்லறை டப்பா.
டெலோரா ப்ரூயிட் பாடுவதை
நான் அவள் முகம் பார்த்துக் கேட்டதில்லை.
கேட்கிறவர்களின் முதுகைப் பார்த்தே
மூன்று வருடமாய்க் கேட்கிறேன்.

முதல் தட்டு, தம்பி செத்த குளிர்காலத்தில் வந்தது.
டொலீடோவில், சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை.
கீழே துணி உலர்த்தும் இயந்திரம் சுற்றுவது
பாட்டுக்குள்ளும் கேட்கும்.
அதற்குத்தான் முதுகுகள் குலுங்கின.
முடிந்ததும் வரிசை கட்டி வருவார்கள்,
மூக்கைச் சிந்திக்கொண்டு,
இருபது டாலர் நோட்டை நாலாய் மடித்து நீட்டி:
எங்கம்மாவுக்கு,
என் விவாகரத்துக்கு,
என்னவோ மருந்துக்கடைக்கு வந்தது போல.
நானும் மீதியை எண்ணிக் கொடுப்பேன்.

பிறகு அவள் தூங்க ஆரம்பித்தாள்.
அவ்வளவுதான் நடந்தது.
சொத்தைக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினாள்.
கார்க் கடனை அடைத்தாள்.
பஸ் மெக்கானிக் வெண்டல்
காலையில் முட்டை பொரித்தபடி சுருதி தப்பி விசிலடிப்பதைப்
பொறுத்துக்கொள்ளப் பழகினாள்.
இரண்டாவது தட்டில் இருப்பது இதெல்லாம்தான்.
பல் போன இடத்தை நாக்கு தேடுவதற்கு ஒரு பாட்டு,
கடைசித் தவணை ரசீதுக்கு ஒன்று.
குரல் மாறவில்லை. அடியில் அதே கரகரப்பு.
என்ன, இப்போது அதற்கு
உட்கார ஒரு நாற்காலி கிடைத்திருந்தது.

டெட்ராய்ட் பத்திரிகை ஒன்று 'இதமானது' என்று எழுதியது.
பேஸ் கிட்டார் ஆமோஸ் அந்தச் சொல்லை
வேனில் மூன்று தரம் வாசித்தான்,
வெந்நீர் ஒத்தடம் பற்றிய செய்தி போல.

கொலம்பஸில் பழைய பாட்டைக் கேட்டுக் கத்தினார்கள்.
பாடினாள்.
கேட்டவர்களுக்காகத் தம்பியை
இன்னொரு முறை புதைத்துக் கொடுத்தாள்.
கைதட்டல் நிற்கவே இல்லை.

பிட்ஸ்பர்க்கில் ஒரு பெண்.
முன்கையில் முதல் தட்டின் வரி ஒன்றைப் பச்சை குத்தியிருந்தாள்.
புதியதை எடுத்தாள், திருப்பினாள், வைத்தாள்.
'அவங்க இப்போ நல்லா இருக்காங்களா?'
இருக்கிறாள் என்றேன்.
'அப்போ நான்?'
என்னிடம் அதற்குச் சில்லறை இல்லை.

இரவு வேனில் டெலோராவிடம் சொன்னேன்.
வேர்க்கடலை கொறிப்பதை நிறுத்தினாள்.
இரண்டு சுங்கச்சாவடி தாண்டும்வரை பேச்சில்லை.
பிறகு, 'அந்தப் பொண்ணு பேரென்ன?'
நான் கேட்கவில்லை.
மூன்று வருடத்தில்
யாரிடமும் கேட்டதில்லை.

ஈரி நகரில் ஏரியிலிருந்து பனி கொட்டியது.
பதினொரு பேர்; அதில் இரண்டு பேர் கோப்பை கழுவுகிறவர்கள்.
சாலைக்கு உப்புத் தூவும் லாரி ஓட்டுநர் ஒருவர்
மின்னும் மேலங்கியோடு கடைசிவரை நின்றே கேட்டார்.
என் மேசைக்கு வந்து,
'நாலாவது பாட்டுல பின்னாடி ஒரு ஃப்ரிட்ஜ் ஓடுதே,
ரேடியோவுல கேட்டேன்,
வேணும்னே விட்டதா?'
தெரியாது என்றேன்.
'என் வீட்டுலயும் அப்படித்தான் ஓடும்.
அவ போனப்புறம் அது கேட்கக்கூடாதுன்னு
டிவியைப் போட்டே வெச்சிருந்தேன்.'
இரண்டு தட்டு வாங்கினார்.
இரண்டெதற்கு என்றதற்கு
கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

பெயர் கேட்டேன்.
லெஸ்டர் ஸிமன்ஸ்கி.
எழுத்து எழுத்தாகச் சொன்னார், ரசீதின் பின்னால் குறித்தேன்.

கணக்கு: இடது ஏழு, வலது இரண்டு.
வலது பெட்டியை டெலோராதான் தூக்கினாள்,
பனியில் ஒருமுறை வழுக்கி, கெட்ட வார்த்தை சொல்லி.
வேன் விளக்கில் ரசீதைப் பிடித்து
அந்தப் பெயரை உரக்கப் படித்தாள்,
தப்பாக. மறுபடி, கொஞ்சம் குறைந்த தப்பாக.

பஃபலோ தாண்டும்போதுதான் நினைவு வந்தது,
ஃப்ரிட்ஜைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.
தூங்கிக்கொண்டிருந்தாள்.
எழுப்பவில்லை.